தண்ணீர் போகும் வழியே சைக்கிளில்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். மதுரையில் குடியிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் அலுவலக நண்பர்கள் மூவருமாக ஞாயிறுதோறும் நான்குவழிச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். லாரிச் சத்தமும் பயமும் அலுத்துப்போய், இனிக் கண்மாய்க் கரைகளிலும் கிராமத்து மண்பாதைகளிலும் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அதற்கு என்ன சைக்கிள் வாங்கலாம் என்பது கேள்வி. ஆனால் கடைசியில், "தெரியாத ஊருக்குள் ஐந்து பேராகப் போனால் யாரும் ஏதும் சொல்வார்களா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. எது பாதை, அது யாருடையது, அதில் எப்படிப் போய்வருவது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும். ஆகவே சைக்கிள் பேச்சைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நான் நில அளவைத் துறையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி மேலூர், வாடிப்பட்டி பக்கம் கழிந்தது. அன்று சங்கிலியும் புலப்படமுமாக நடந்த இடங்களுக்கே, இப்போது பதினோரு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நான்கு பேரோடு சைக்கிளில் போய்வருகிறேன். எனவே நான் சொல்வதெல்லாம் மதுரைச் சமவெளிக்குப் பொருந்தும். மலைப்பாதையில் ஓட்டிய பழக்கம் எனக்கு இல்லை. கொடைக்கானல், மேகமலை என்று போக நினைத்தால் அங்கே ஓட்டுபவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் பாதை. புதிதாக வருகிறவர்கள் கைபேசி வரைபடத்தைத் திறந்து, ஊருக்கும் ஊருக்கும் நடுவே மெல்லிய கோடுகள் எங்கே இருக்கின்றன என்று தேடுவார்கள். அப்படித் தேடினால் பாதி நாள் யாராவது ஒருவருடைய தென்னந்தோப்பு வாசலில் போய் நிற்க நேரும். என் வழக்கம் வேறு. கோட்டைத் தேடாமல் தண்ணீரைத் தொடர்கிறேன். நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேலே உள்ள கண்மாய் நிரம்பினால், மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கு என்ற கல்கட்டின் வழியே மறுகாலாக (உபரி நீராக) பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாகப் போகும் கண்மாய்களின் கரைகளையும், அவற்றை இணைக்கும் வரத்துக் கால்வாய்களையும் ஒட்டித்தான் வண்டிப்பாதைகள் பிறந்தன. கரையில் மாட்டுவண்டி போயிற்று, இப்போது டிராக்டர் போகிறது. தண்ணீர் தானாக ஓடிய வழி என்பதால் ஏற்றம் இறக்கம் மிகக் குறைவு. உங்களைப் போல் தார்ச்சாலையில் மட்டுமே பழகிய கால்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நில்லுங்கள். கரை பிறை நிலா மாதிரி வளைந்திருக்கும். ஒரு பக்கம் உள்வாய், தண்ணீர் நிற்கும் இடம். மறுபக்கம் தாழ்வாக ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீரில் விளையும் வயல்கள். கரையின் நடுவே வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை இருக்கும். பழைய கண்மாயாக இருந்தால் உள்வாய்ப் பக்கம் இரண்டு கல்தூண்கள் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்பதைக் காணலாம். கரையின் ஒரு கோடியில் கலுங்கு, பெரும்பாலும் மறு கோடியில் அய்யனாரோ கருப்பரோ இருப்பார்கள். கலுங்கிலிருந்து மறுகால் ஓடை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம்தான் அடுத்த கண்மாய். இது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் வழி தவறுவது அரிது. கைபேசியில் மின்சாரம் தீர்ந்துபோன நாட்களில்கூட நாங்கள் இப்படித்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம்.

கண்மாய்களைவிட எளிது பெரியாறு பிரதானக் கால்வாய். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வைகையில் வந்து சேர்ந்து, ஆற்றின் குறுக்கே உள்ள பேரணையில் பிரிந்து, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கங்களைக் கடந்து மேலூர் வரை போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர், கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம் என்று அரசுக் கணக்கு. இத்தனை ஏக்கருக்கும் தண்ணீர் தானாக ஓடிப் பாய வேண்டுமென்றால் கால்வாயின் சரிவு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கரையில் சைக்கிள் ஓட்டும்போது சரிவு இருப்பதே தெரியாது. அணையில் இருப்பு இருக்கும் ஆண்டுகளில் இருபோகப் பகுதிக்கு ஜூன் வாக்கிலும் ஒருபோகப் பகுதிக்குச் செப்டம்பர் வாக்கிலும் தண்ணீர் திறப்பார்கள். அந்த நாட்களில் விடியற்காலையில் கரையில் போவது தனி இன்பம்.

வரைபடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செயற்கைக்கோள் படத்தில் இரண்டு இணைகோடுகளும் நடுவே பச்சையும் தெரிந்தால் அது டிராக்டர் தடம். வெள்ளையாக அகன்று தெரிந்தால் சரளை போட்ட பாதை. மேலூர் பக்கம் அப்படி அகன்ற வெள்ளைக் கோடு ஒன்று சட்டென்று நின்றுபோனால் அது கல்குவாரிக்குப் போன லாரித் தடமாக இருக்கக்கூடும். கைவிடப்பட்ட கிரானைட் குழிகளில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ஓரம் செங்குத்தாக இருக்கும், ஆழம் வெளியே தெரியாது. படம் எடுக்கக்கூட விளிம்புக்குப் போகாதீர்கள், குளிக்க இறங்கவே கூடாது. இன்னொன்று, படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் அதில் காய்ந்து கிடக்கும் கண்மாய் இப்போது நிரம்பியிருக்கலாம். உள்வாய் வழியே கோடு தெரிகிறதே என்று நம்பிப் போனால் தண்ணீரில்தான் முடியும்.

இனி, பாதை யாருடையது என்ற கேள்வி. என் தொழில் இதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் வண்டிப்பாதை, பாதைப் புறம்போக்கு, ஓடை, கண்மாய், வாய்க்கால் எல்லாம் தனித்தனிப் புல எண்ணோடு இருக்கும். அரசின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டு விவரத்தை யாரும் பார்க்கலாம். அதில் பாதை என்று இருந்தால் அது பொது வழி, இது உறுதி. ஆனால் ஏட்டில் உள்ள பாதை நிலத்திலும் இருக்கிறதா என்பது வேறு சங்கதி. பல இடங்களில் பக்கத்து வயலோடு உழுது சேர்த்திருப்பார்கள். சில இடங்களில் நேர்மாறாக, எல்லோரும் நடக்கிற வழி ஏட்டில் பட்டா நிலமாக இருக்கும். 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு உரிமை உண்டு என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். அந்த உரிமை, அந்த வழியை நம்பியிருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கானது. ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் நமக்கு அதில் பங்கில்லை. கால்வாய்க் கரை, கண்மாய்க் கரை இரண்டிலும் மக்கள் காலங்காலமாக நடக்கிறார்கள், யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் கால்வாய்க் கரை நீர்வளத் துறையின் பராமரிப்புப் பாதைதான். கம்பிக் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டும். இதற்கு மேல் சட்ட நுணுக்கம் வேண்டுமென்றால் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

ஐயத்துக்கே இடமில்லாத ஒன்று காப்புக்காடு. அழகர்மலை போன்ற இடங்களில் காட்டுக்குள் போகும் தடம் எவ்வளவு அழைப்பதாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மலையடிவாரத்து ஊர்ப்பாதைகளே போதிய அழகோடு இருக்கின்றன.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மேலூருக்குக் கிழக்கே ஒரு கடலைக்காட்டு ஓரமாக நாங்கள் ஐந்து பேரும் போய்க்கொண்டிருந்தோம். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் கையில் மண்வெட்டியோடு வழியில் வந்து நின்று, "இது பாதை இல்லை தம்பி, திரும்பிப் போங்கள்" என்றார். அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்பது எனக்குத் தெரியும். அந்தப் புலத்தை அளந்தவர்களில் நானும் ஒருவன். சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பாதை நெடுக அவர் புதிதாக மண் அணைத்திருந்ததைப் பார்த்தேன். முந்தின இரவு மழையில் பாதை வழியே தண்ணீர் ஓடி அவருடைய கடலையை அரித்திருந்தது. எங்கள் பத்து டயர்களும் ஏறினால் அந்த அணைப்பு குலைந்துவிடும். "சரிங்க ஐயா, கண்மாய்க்கு வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் தலைமாட்டு வழியே போகச் சொன்னதோடு, பம்ப்செட்டைப் போட்டு எங்கள் குப்பிகளையும் நிரப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் தோட்டத்தில் நின்று பேசிவிட்டுத்தான் போகிறோம்.

ஆக, "யாரும் ஏதும் சொல்வார்களா?" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: விசாரிப்பார்கள். "எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். அது தடை அல்ல, ஊர் வழக்கம். அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் நிறுத்தி வழி கேட்டுவிட்டால் பேச்சு வேறு திசையில் நல்லபடியாகப் போகும். யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் தார்ச்சாலையைத்தான் காட்டுவார்கள், அதுதான் நமக்கு நல்லது என்று நினைத்து. ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். இன்னும் நல்லது, கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியைக் கேட்பது. ஆயக்கட்டில் எந்த வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பாதையில் சேறு, எது வழியே அடுத்த ஊருக்குப் போகலாம் என்பதை அவரைப் போல் அறிந்தவர் யாருமில்லை.

சில வழக்கங்களைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். கண்மாய்ப் படித்துறையிலும் கால்வாய்க் கரையிலும் காலையில் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள். தொலைவிலேயே மணியடித்து, குரல் கொடுத்து, நிற்காமல் கடந்துவிடுங்கள். அந்த இடத்தில் கைபேசி வெளியே வரவே கூடாது. வரப்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள். ஈர வரப்பு ஒரு டயருக்கே சரிந்துவிடும், அதைக் கட்டியவருக்கு அரை நாள் வேலை. வேலியில் உள்ள படலைத் (தட்டிக் கதவை) திறந்து போனால் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள். தை, மாசி மாதங்களில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். அதன் மேல் ஓட்டாமல் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். கோயில்காடுகள் சிலவற்றில் செருப்போடு நுழையக் கூடாது, சிலவற்றில் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. வெளியே நின்று கேட்டுவிட்டு, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

சேர்ந்து ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் உடைவது பஞ்சரால் அல்ல, வேகத்தால். வேகமாக ஓட்டுகிறவர்கள் முன்னால் போய் ஒரு மரத்தடியில் காத்திருப்பார்கள். கடைசியாக வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். அவர்கள் பத்து நிமிடம் ஓய்ந்துவிட்டார்கள், இவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. நான்கு வாரம் இப்படி நடந்தால் ஐந்தாம் வாரம் அவர் வரமாட்டார். எங்கள் குழுவில் வழி தெரிந்தவர் முதலில் போவார். மெதுவாக ஓட்டுகிறவர் அவருக்கு அடுத்து, இரண்டாவதாக. பம்பும் பஞ்சர் சாமான்களும் வைத்திருப்பவர் கடைசியில். இரண்டாவது ஆளின் மூச்சைக் கேட்டபடியே முதல் ஆள் ஓட்டுவார். அவர் பேசிக்கொண்டே வர முடிகிறதென்றால் வேகம் சரி. நின்றால், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து, அவராகக் கிளம்பலாம் என்ற பிறகுதான் எழுவோம். இந்த ஒரு ஒழுங்கால்தான் பதினோரு ஆண்டுகளாகப் பிரியாமல் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

மண்பாதையில் தூரத்தைச் சாலைக் கணக்கில் போடாதீர்கள். நிறுத்தம், பேச்சு, வழி கேட்பது எல்லாம் சேர்த்து மணிக்கு 10 கி.மீ. வந்தால் நல்ல வேகம். நான்குவழிச் சாலையில் நீங்கள் 50 கி.மீ. போகிறவர்கள் என்றால் மண்ணில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் மூன்று சைக்கிள் நீளமாவது இடைவெளி இருக்கட்டும். புழுதியில் பள்ளம் தெரியாது, முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார். ஒன்பது மணிக்குள் திரும்பும் திசைக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். கோடையில் அதை எட்டு மணியாக்கிவிடுவோம். ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது கணக்கு வையுங்கள், சித்திரை வைகாசியில் அதைப்போல் இரண்டு மடங்கு.

பருவமும் மண்ணும் சேர்ந்துதான் பாதையை முடிவு செய்யும். மேலூர் பக்கம் செம்மண்ணும் சரளையும். மழை விட்ட மறுநாளே ஓட்டலாம். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். காய்ந்திருக்கும்போது சிமென்டுத் தரை போல இருக்கும். மழைக்குப் பிறகு போனால் நாலு சுற்றில் டயரோடு அப்பி, மட்கார்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே அடைத்து, சக்கரமே சுற்றாது. ஒருமுறை இரண்டு கி.மீ. தூரம் சைக்கிளைத் தோளில் சுமந்தே கடந்தோம், குச்சியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி. ஐப்பசி கார்த்திகையில் கரிசல் பக்கம் போகவே வேண்டாம். கலுங்கில் மறுகால் போகும்போது அது கணுக்கால் அளவே இருந்தாலும் ஓட்டிக் கடக்காதீர்கள். கீழே கல்லில் பாசி பிடித்திருக்கும். எனக்குத் தெரிந்து மண்பாதைக்குச் சிறந்த காலம் மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை. கண்மாயில் தண்ணீரும் இருக்கும், கரையும் காய்ந்திருக்கும்.

இனி முள். கண்மாய் உள்வாயெல்லாம் சீமைக் கருவேலம். விறகு வெட்டி ஏற்றிப்போன வண்டியிலிருந்து விழுந்த மிலாறுகள், அதாவது சிறு முட்குச்சிகள், கரை முழுக்கக் கிடக்கும். அந்த முள் டயரை ஊசி மாதிரி துளைத்து, தலை ஒடிந்து, நுனி உள்ளேயே நின்றுவிடும். புதியவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். நண்பர் ஒருவரின் முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. டியூபை உருவி, வாய்க்கால் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது பளபளப்பு மங்கிக் காய்ந்த பிறகு பேட்ச் ஒட்டி, காற்றடித்துக் கிளம்பினோம். இருநூறு அடி போவதற்குள் மறுபடி இறங்கியது. ஒட்டு சரியில்லை என்று அவர் நினைத்தார். நான் டயரின் உட்புறம் விரலை மெல்ல ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியவே இல்லை, ரப்பர் நிறத்திலேயே இருந்தது. விரல் நுனியில் சுருக்கென்று குத்திய பிறகுதான் இடம் தெரிந்தது. குறட்டால் பிடித்து இழுத்தபோது அரை அங்குல முள் வந்தது. ஆகவே டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உள்ளே ஒரு முழுச் சுற்று விரலை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். மெதுவாக ஓட்டுங்கள், வேகமாக ஓட்டினால் விரல் கிழியும். ஒரு சிறு குறடும் பையில் இருக்கட்டும்.

சைக்கிளுக்கு வருகிறேன். புதிது வாங்குவதானால் டயர் அகலமும் வால்வும் இரண்டே முக்கியம். டயர் ஏறக்குறைய 2 அங்குல அகலம் இருந்தால் மணலிலும் சரளையிலும் புதையாது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அந்த டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்று மண்ணுக்குப் போதும். மிகவும் குறைத்தால் கல்லில் அடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும். வால்வு, மோட்டார் சைக்கிளில் இருக்கும் வகையாக இருக்கட்டும். எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். ஒல்லியான பந்தய சைக்கிள் வால்வோடு கிராமத்துக் கடையில் போய் நின்றால் அவரிடம் அதற்கு முனை இருக்காது. விலை குறைந்த சைக்கிள்களில் வரும் முன்பக்க ஸ்பிரிங் போர்க் வெறும் சுமை. அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

பழைய பெரிய சைக்கிள் வீட்டில் இருந்தால் அதைத் தாராளமாக எடுத்து வாருங்கள். அது 28க்கு 1½ டயர். சக்கரம் பெரிது என்பதால் சின்னப் பள்ளங்களைத் தெரியாமலே கடக்கும். அதன் வால்வில் வால்டியூப் என்று ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருக்கும். நாட்பட்டால் வெடித்துவிடும், பஞ்சர் என்று எண்ணி டயரைக் கழற்றாமல் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு துண்டு சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும். புதுவகை 700 அளவுச் சக்கரத்தில் டியூப் கிழிந்துபோய் மாற்று இல்லாத அவசரத்தில், ரிம்மின் வால்வுத் துளை பெரிதாக இருந்தால், ஊர்க்கடையில் கிடைக்கும் 28க்கு 1½ டியூபை லேசாக மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம். நாங்கள் இரண்டு முறை வந்திருக்கிறோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள் ஊர்தோறும் இருப்பதால் பழுது பார்ப்பவர் ஒருவராவது பக்கத்து ஊரில் கிடைப்பார்.

உங்கள் மனைவி வருவதைப் பற்றித் தயக்கமாக எழுதியிருக்கிறீர்கள். தயக்கமே வேண்டாம். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுத் தெருவுக்கு வந்தார்கள். நம் பக்கமும் இன்று சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில், குழுவில் ஒரு பெண் இருந்தால் ஊருக்குள் வரவேற்பு கூடுகிறது. தண்ணீர் கேட்டால் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் வருகிறது.

ஆபத்துகளில் முதலாவது நாய். ஆட்டுக்கிடை போட்டிருக்கும் வயல் பக்கம் காவல் நாய்கள் கடுமையாக விரட்டும். வேகமெடுக்காமல் இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து, நடந்து கடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி தொடங்கிவிட வேண்டும், சின்னக் கீறலாக இருந்தாலும். கரையில் புல் உயரமாக இருந்தால் பாம்பு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழையுங்கள். நான் மருத்துவன் அல்ல, இந்த அளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: காட்டுப்பன்றிக்காகச் சில தோட்டங்களில் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்திருப்பார்கள். விடிவதற்கு முன் பாதையை விட்டு யாருடைய நிலத்துக்குள்ளும் இறங்காதீர்கள், கம்பியைத் தொடாதீர்கள்.

போக வேண்டிய இடங்கள் கேட்டிருந்தீர்கள். மேற்கே கீழக்குயில்குடி, சமணர்மலை அடியில் தாமரைக் குளமும் ஆலமரமும் உண்டு. கிழக்கே யானைமலை அடியில் நரசிங்கம். அங்கே பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைவித்த கோயில் இருக்கிறது, கல்வெட்டின்படி கி.பி. 770. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள், 193.42 ஹெக்டேர். ஏழு குன்றுகள், அவற்றின் நடுவே கண்மாய்கள், குடைவரைச் சிவன் கோயில், சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு. நான் சொன்ன கண்மாய்ச் சங்கிலியைக் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் இல்லை. குன்றிலிருந்து வடியும் நீர் எப்படி ஒவ்வொரு கண்மாயாக இறங்குகிறது என்பது சைக்கிளில் போனால்தான் உடம்புக்குத் தெரியும். அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024இல் ஏலம் முடிந்து, மக்கள் போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. ஆகவே வெளியாள் கேமராவோடு திரிந்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள். அதில் நமக்கு வருத்தம் எதற்கு? யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ட்ரோன் பறக்கவிடுவதைத் தவிருங்கள், குன்றுகளில் வல்லூறுகள் கூடு வைக்கின்றன.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அழகர்கோயில் சாலையில் கள்ளந்திரி வரை தார்ச்சாலையில் போங்கள். கால்வாய் சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கி, தண்ணீர் போகும் திசையில் கரையில் இரண்டு கி.மீ. ஓட்டிவிட்டு அதே வழியே திரும்புங்கள். மண்ணில் ஹேண்டில் பார் எப்படி நடந்துகொள்கிறது, ஐந்து பேரில் யார் மெதுவாக வருகிறார், யாருக்குத் தண்ணீர் போதவில்லை என்பதெல்லாம் அந்த நான்கு கி.மீ.க்குள் தெரிந்துவிடும். ஷட்டர் பக்கம் மட்டும் இறங்க வேண்டாம், அங்கே இழுப்பு பலம். அடுத்த வாரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் ஏறுங்கள். எந்தக் கண்மாய் என்று எழுதினால், மறுகால் எந்தப் பக்கம் போகிறது, அடுத்த கரைக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்கிறேன்.